பனஞ்சட்டப் பரணா, கான்கிரீட் பரணா?

கீழக்கரை, தொண்டி மாதிரிக் கடலோர ஊர்களில் வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

எடை: வீட்டு அறைத் தளத்துக்கு இந்தியத் தரக்குறியீடு கணக்கிடச் சொல்வது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. சுவரிலிருந்து நீட்டிய மெல்லிய கான்கிரீட் பரண் அதைத் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள், பொறியாளரிடம் கேளுங்கள். பனையில் சட்டத்தின் கனமும் நீளமும்தான் கணக்கு. அதே கனம், மீட்டருக்கு அதே பரவலான சுமை. நீளம் மட்டும் இரட்டித்தால் தொய்வு 16 மடங்கு!

உப்புக்காற்று: கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைப் பிளக்கும். பனைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சுவருக்குள் போகும் முனையில் கரையானைப் பாருங்கள்.

செலவு: பழைய சட்டம் கைவசம் இருந்தால் பனைதான்.

பாய், பாத்திரம், காய்ந்த வலைக்கு நல்ல பனஞ்சட்டம் போதும். நெல் மூட்டை என்றால் கணக்குப் போட்டுக் கட்டிய கான்கிரீட். தண்ணீர்த் தொட்டியை இரண்டிலும் ஏற்றாதீர்கள்; 500 லிட்டர் என்றால் தண்ணீரே 500 கிலோ.