4 வருடம், ஒரே வீட்டில் 3 பேர்: எங்கள் பிசியோதெரபி அனுபவம்

மண்டபம் பக்கம் கடலோர ஊர் எங்களுடையது. 2022 பிப்ரவரியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பிசியோதெரபி நிற்கவே இல்லை. முதலில் அம்மா, அப்புறம் என் தோள்பட்டை, அப்புறம் வீட்டுக்காரரின் இடுப்பு. எங்கள் தெருவில் நிறையப் பேர் "பத்து நாள் வலிக்கிற இடத்தில் லேசாகக் கரண்ட் வைத்தோம், கேட்கவில்லை" என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா 30 வருடத்துக்கு மேல் கடலில் பாசி எடுத்தவர். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசி வகைகளை முங்கி முங்கி எடுத்துச் சாக்கில் கட்டி இழுத்துவந்த உடம்பு. ஒருநாள் காலையில் வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது. 108ஐக் கூப்பிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார்: "மாத்திரை அடுத்த அடைப்பு வராமல் பார்த்துக்கொள்ளும். கையும் காலும் திரும்புவது பயிற்சியில்தான் இருக்கு."

வந்த அன்றே சொந்தக்காரர்கள் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார்கள். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் பழுது இருந்தது மூளையில், கையில் என்ன தேய்த்தாலும் அங்கே போய்ச் சேராது. மூளையில் ஒரு பகுதி செத்துப்போனால், பக்கத்தில் மீதியிருக்கும் பகுதி அந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியும். அதற்கு அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அந்த நாட்களை வீணாக்கக் கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஊர் நர்ஸம்மாதான் சொல்லிப் பதிந்துவிட்டார். வந்த பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. பயிற்சி எதையும் தொடங்கவில்லை, முதலில் நாங்கள் அம்மாவை எப்படித் தூக்குகிறோம் என்று பார்த்தார். நாங்கள் வலது கையைப் பிடித்து இழுத்ததும் பதறிவிட்டார். "அக்கா, அந்தக் கையை இழுக்காதீங்க. தோள் மூட்டைப் பிடிச்சுவைக்கிற தசைக்கு இப்போ பலம் இல்லை, மூட்டு நழுவிரும்" என்றார். அதற்குள் அம்மாவுக்குத் தோள்வலி வந்துவிட்டிருந்தது. பக்கவாதம் வந்தவர் வீட்டில் இருந்தால் இந்த ஒன்றை இன்றே எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கைக்குக் கீழே தலையணை வைத்துத் தாங்கல் கொடுங்கள், முதுகையும் இடுப்பையும் பிடித்து எழுப்புங்கள்.

பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றுவது, உட்கார்ந்து எழுவது ஒரு வேளைக்கு 10 தடவை என்று ஆரம்பித்தது. அவர் மாதத்தில் சில நாள்தான் வர முடிந்தது. மீதி நாளெல்லாம் நான்தான். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்.

நடக்க ஆரம்பித்தபோது மணல் பெரிய தொந்தரவாகிவிட்டது. வலது பாதம் தூக்க வராமல் விரல் தரையில் இழுபடும். எங்கள் வாசல் முழுக்க மணல், இரண்டடிக்கு ஒருமுறை தடுக்கியது. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பட்டை போட்டு, விடிகாலையில் தார்ரோட்டில் மட்டும் நடக்கவிட்டோம். ஏழெட்டு மாதம் கழித்து, அலை வாங்கிய பிறகு இறுகிக் கிடக்கும் ஈர மணலில். காய்ந்த மணலில் இன்றும் துணையில்லாமல் விடுவதில்லை.

கைதான் கடைசிவரை அடம்பிடித்தது. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் அம்மாவுக்குச் சலிப்பு, கண்ணீர். "உங்க கைக்குத் தெரிஞ்ச வேலை என்ன?" என்று அந்தப் பெண் கேட்டார். சின்ன வயதில் கொட்டான், அதாவது பனையோலைப் பெட்டி, முடைந்திருக்கிறார் அம்மா. பனங்குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, கிழித்து, நனைத்துக் கொடுத்தோம். இடது கை அமர்த்திப் பிடிக்க, வலது கை ஓலையை மேலும் கீழும் மாற்றிக் கோக்க வேண்டும். பந்தைத் தொடாத கை ஓலையை முக்கால் மணி நேரம் விடாமல் பிடித்தது. அந்த முதல் கொட்டானை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

2023இல் என் இடது தோள் இறுகிவிட்டது. எனக்குச் சர்க்கரை உண்டு, சர்க்கரைக்காரர்களுக்கு இது அதிகம் வரும். தலை சீவ முடியாது, சேலை சொருகக் கை பின்னால் போகாது, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியாது. அவசரப்பட்டு ஒரு தனியார் இடத்தில் 20 நாளுக்கு மொத்தமாக 6,000 ரூபாய் கட்டினேன். தினம் சூடு வைப்பார்கள், கரண்ட் வைப்பார்கள், கிளம்பச் சொல்வார்கள். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லித்தரவில்லை. வலி ஒரு மணி நேரம் மட்டுப்படும், கை ஒரு விரற்கடைகூட மேலே போகவில்லை. அந்தப் பணத்தை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

கரண்ட் வீண் என்று சொல்லவில்லை. வலியைக் கொஞ்ச நேரம் அடக்கிவைக்கும், அந்த நேரத்தில் பயிற்சி செய்யலாம். பயிற்சி இல்லாமல் அது மட்டும் என்றால் பலன் நிற்காது. பிறகு போன இடத்தில் ஒரு தடவைக்கு 300 ரூபாய், வாரம் ஒருமுறை போதும் என்றார்கள். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது, வெந்நீர் ஒத்தடத்துக்குப் பிறகு துண்டால் முதுகுப் பக்கம் இழுப்பது. வீட்டுக்காரர் உத்தரத்தில் ஒரு கப்பி மாட்டி நைலான் கயிறு கோத்துக் கொடுத்தார். நல்ல கை இழுக்க, இறுகிய கை மேலே போகும். வலி உச்சத்தில் இருந்த மாதங்களில் முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். 14 மாதம் ஆனது. ஒரு மாதத்தில் சரியாகும் என்று எதிர்பார்த்திருந்தால் நானும் விட்டிருப்பேன்.

வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். வலை இழுத்து இழுத்து இடுப்பிலிருந்து கணுக்கால்வரை வலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அல்லவா? 2024இல் அந்த நாட்களை அப்படியே வைத்தியத்துக்கு ஒதுக்கினோம். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ ஒரு நாளும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும் என்று முதலிலேயே எச்சரித்தார்கள். குப்புறப் படுத்து, கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கும் பயிற்சிதான் அவருக்குக் கேட்டது. கால் வலி குறைந்து இடுப்பில் மட்டும் வலித்தபோது பயந்துவிட்டார். வலி காலிலிருந்து மேலே ஏறி இடுப்பில் ஒடுங்குவது நல்ல அறிகுறி என்று விளக்கிய பிறகுதான் சமாதானமானார். தடை முடிந்து கடலுக்குப் போனதும் பயிற்சியை விட்டார், ஆகஸ்டில் வலி திரும்பிவிட்டது. இப்போது படகில் ஏறும் முன் வீட்டுத் திண்ணையில் 10 நிமிடம் செய்துவிட்டுத்தான் போகிறார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் படுக்கையில் திரும்பினாலே வீடு சுற்றும். காதுக்குள் இருக்கும் நுண்ணிய துகள்கள் இடம் மாறினால் அப்படி வருமாம். காது டாக்டர் சொல்லி அனுப்ப, பிசியோ அவர் தலையை ஒரு வரிசைப்படி திருப்பிப் படுக்கவைத்தார், இரண்டே தடவையில் நின்றது. எல்லாத் தலைசுற்றலுக்கும் இது ஆகாது, டாக்டர் பார்த்த பிறகுதான்.

அம்மாவுக்கு இன்னும் ஜாக்கெட் கொக்கி மாட்ட வரவில்லை. வலது கையால் சோறு அள்ளிச் சாப்பிடுகிறார், ரசம் சாதம் என்றால் கரண்டி. போன வாரம் கப்பிக் கயிறு உப்புக்காற்றில் நைந்து அறுந்துவிட்டது. புதுக்கயிறு கோக்கும்போது பார்த்துக்கொண்டிருந்தவர், "முடிச்சைக் கொஞ்சம் கீழே போடு தாயி, நானும் இழுத்துப் பாக்குறேன்" என்றார். நான்கு விரல் கீழே போட்டேன்.