போலோ ஜிடி டிஎஸ்ஐ: தெருவுக்கும் டிராக்குக்கும் ஒரே சஸ்பென்ஷன்

சஸ்பென்ஷன் மாற்றலாமா என்று யாராவது கேட்டால், எந்த பிராண்ட் என்ற பேச்சுக்குப் போகுமுன் உங்கள் தெரு வேகத்தடை எவ்வளவு உயரம் என்றுதான் நான் கேட்பேன். டிராக்கில் நாம் இருப்பது வருஷத்தில் சில நாட்கள். மற்ற நாளெல்லாம் அதே கார் அந்த வேகத்தடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

என்னுடையது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். வாரம் முழுக்க சென்னை டிராஃபிக்கில் ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஓடும். டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்ட விடும் நாள்) அறிவித்தால் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்குப் போகும். எப்போதாவது கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் போகும். சில வருஷங்களாக இதில் இருப்பது பில்ஸ்டீன் பி6 ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்), காரோடு வந்த கம்பெனி ஸ்பிரிங். காரை ஒரு மில்லிமீட்டர்கூட இறக்கவில்லை. இந்தச் சேர்க்கையில் எனக்கு முழுத் திருப்தி.

கம்பெனி ஷாக்கைக் குறை சொல்ல முடியாது. புதிதில் நெடுஞ்சாலையில் அருமையாகவே போகும். பிரச்சினை டிராக்கில்தான். இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 12 வளைவுகள். நீண்ட நேர்கோட்டில் வந்து பிரேக் அடித்தால் காரின் முன்பக்கம் கீழே அமுங்கும். அந்த நிலையிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் சாய்ந்து முடிக்கவே நேரம் எடுக்கும். சில சுற்றுகள் போனதும் இன்னும் மோசம். சாதாரண இரட்டைக் குழாய் ஷாக்கில் எண்ணெயும் காற்றும் ஒரே இடத்தில் இருக்கும். வேகமாக ஏறி இறங்கும்போது எண்ணெய் சூடாகி நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்குத் தடுக்கும் சக்தி குறைவு. மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஷாக்கில் உயர் அழுத்த கேஸ் தனி அறையில், மிதக்கும் பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும். அதனால் எண்ணெய் எளிதில் நுரைக்காது. எண்ணெய் இருக்கும் குழாயே நேராக வெளிக்காற்றில் இருப்பதால் சூடும் சீக்கிரம் இறங்கும். நம் ஊர் வெயிலில் டிராக் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

பார்த்த வழிகள் நாலு. காரை இறக்கும் லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போடுவது, இறக்கிய காருக்கான பில்ஸ்டீன் பி8 ஷாக்கோடு ஐபாக் புரோ கிட் லோயரிங் ஸ்பிரிங், பி14 மாதிரி ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே செட்டாக வரும், உயரம் மாற்றக்கூடிய காயில் ஓவர், கடைசியாக கம்பெனி உயரத்துக்கே செய்த மோனோட்யூப் ஷாக்கான பி6. பழைய ஷாக்கின் மேல் லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போடுவதை யாருக்கும் சொல்ல மாட்டேன். ஷாக் வேறு உயரத்துக்காகச் செய்தது. அது தன் பாதையின் அடிப்பகுதியிலேயே வேலை செய்து சீக்கிரம் லீக் ஆகும்.

மற்ற மூன்றில் முடிவெடுக்க ஒரு சின்னக் கணக்கு உதவியது. முன்பக்கம் ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை சுமார் 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மை மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் என்றால் அந்த மூலை தன்னியல்பாக விநாடிக்கு 1.6 தடவை ஆடும். 60 நியூட்டன் போட்டால் 2.25. சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் (விநாடிக்கு அத்தனை தடவை) இருக்கும். பந்தயத்துக்குத் தயார் செய்யும் கார்கள் 2 பக்கம் போகும். தெருவில் 2ஐத் தாண்டினால் கழுத்து சொல்லிவிடும். கரடுமுரடான ரோட்டில் டயரும் தரையில் நிற்காமல் துள்ளும், அது கிரிப்புக்கே நஷ்டம்.

உயரம் இதைவிட முக்கியம். காரை 30 மிமீ இறக்கினால் சக்கரம் மேலே ஏறக் கிடைக்கும் பாதையில் 30 மிமீ போய்விடுகிறது. இறக்கிய காரில் நடு வளைவில் ஒரு மேடு வந்தால் ஷாக் அதன் பாதையின் முடிவில் இருக்கும் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். அந்தக் கணத்தில் அந்த மூலை திடீரென்று பலமடங்கு கெட்டியாகி, டயர் பிடியை விடும். ஓட்டுகிறவருக்கு அது காரணமில்லாத அண்டர்ஸ்டியர் (திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் வெளியே போவது) மாதிரி தெரியும். போலோவின் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு. அதில் இன்னொரு சிக்கல்: காரை இறக்க இறக்க, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் கோணம் மாறி, கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் என்ற கற்பனைப் புள்ளி காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால் காரைச் சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிறது. அந்தச் சாய்வைத் தடுக்கவே இன்னும் கெட்டியான ஸ்பிரிங் வேண்டியிருக்கும். தாழ்ந்து நிற்கும் கார் பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் காரில் அந்த அழகுக்குக் கொடுக்கும் விலை கிரிப்.

அப்புறம் வேகத்தடை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், வளைவின் ஆரம் 17 மீட்டர். இந்த அளவில் கட்டியது என்றால் இறக்கிய காரும் தாண்டிவிடும். குடியிருப்புத் தெருக்களில் ஆளாளுக்குக் கொட்டி வைத்திருப்பது குறுகலான திட்டு. என்ஜின் அடியில் தொங்கும் எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்பை வைத்து மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில் முடித்தார்: "தம்பி, கீழ தட்டுச்சுன்னா மொத அடி ஆயில் சம்ப்புக்குத்தான்."

நண்பன் ஒருவன் காயில் ஓவர் போட்டிருக்கிறான். டிராக்கில் அவன் கார் என் காரைவிட நன்றாகத் திரும்பும், ஓட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் ரெண்டு மழைக்காலம் தாண்டியதும் திரெட்டில் சேறும் துருவும் ஏறி, உயரம் மாற்றும் வளையம் இறுகிவிட்டது. உயரத்தை மாற்றத்தான் அந்தப் பணம். டிராக்குக்கென்றே ஒரு கார் வைத்திருப்பவர், கழற்றிச் சுத்தம் செய்ய நேரம் உள்ளவர் தாராளமாக அதை வாங்கலாம்.

பி6 போட்டபின் முதலில் தெரிந்தது ஈசிஆரில். வேகமாகப் போகும்போது ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் கார் ஒரே அசைவில் அடங்கிவிடுகிறது. இரண்டாவது ஆட்டம் கிடையாது. டிராக்கில் சாய்வின் அளவு குறையவில்லை. அதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரும், ரெண்டும் பழையதுதான். சாயும் வேகம்தான் அடக்கத்துக்கு வந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன்பக்கம் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரிகிறது. செஷனின் கடைசிச் சுற்றும் முதல் சுற்று மாதிரியே இருக்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய லாபம்.

குறையும் உண்டு. இருபது, முப்பது கிமீ வேகத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் முன்பைவிடக் கூர்மையாகத் தெரியும். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தால் முதல் ஐந்து நிமிஷம் முகம் சுளிப்பார், பைபாஸ் ஏறியதும் தூங்கிவிடுவார்.

கேம்பர், அதாவது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம், பற்றி ஒரு வார்த்தை. இந்த போலோவில் ஸ்ட்ரட், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குள் செருகி இறுக்கப்படுகிறது. இரண்டு போல்ட்டில் ஸ்ட்ரட் பிடிக்கும் கார்களுக்கான கேம்பர் போல்ட் இதில் உதவாது. அதிகக் கேம்பர் வேண்டுமானால் மேலே கேம்பர் பிளேட் போட வேண்டும். அது சத்தத்தையும் அதிர்வையும் கேபினுக்குள் கொண்டுவரும். நான் போடவில்லை. டிராக் நாளில் டயரின் வெளி ஓரம் கொஞ்சம் கூடுதலாகத் தேயும், அதற்குப் பதில் டயரை இடம் மாற்றிப் போட்டுக்கொள்கிறேன்.

ஷாக்கைத் தொடும் முன்பே நல்ல டயர், புது டாட் 4 பிரேக் ஃபுளூயிட், சூடு தாங்கும் பேட் மூன்றும் போட்டிருந்தேன். இதே வரிசையைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். டயரில் பிடி இல்லாமல் எந்த ஷாக்கும் காரைத் திருப்பாது.

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உயரத்தையும் தோற்றத்தையும் மாற்றாத ஷாக் என்பதால் எனக்கு மனசு நிம்மதி. என்றாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

வேலைக்கு விடும்போது ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைத் தளர்த்தினால், கார் நாலு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். ஜாக்கில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியே நின்று சீக்கிரம் கிழியும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஷாக் ஆர்டர் போடும்போதே டாப் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றிய பிறகு அவற்றை மாற்றத் தனிக் கூலி இல்லை. பிறகு தனியாக மாற்றினால் மொத்த வேலையும் மறுபடி செய்ய வேண்டும்.