2212 மோட்டார் செட்: மோட்டார் சரி, சர்வோ?

தம்பி மகனுக்கு என்று வீட்டில் சொல்லி, எனக்காகத்தான் ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானத்துக்கான இந்த செட்டை ஆன்லைனில் வாங்கினேன் (2212 என்பது மோட்டாரின் அளவைச் சொல்லும் எண்). 2200 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2200 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்ப் ஈஎஸ்சி, 6 அங்குல புரொப்பெல்லர், விமானத்தைத் திருப்பும் பலகைகளை அசைக்க இரண்டு 9 கிராம் சர்வோ (குட்டி மோட்டார்). சேலம் முதல் அக்ரஹாரம் பக்கம் 5 மி.மீ. ஃபோம் ஷீட் வாங்கி எஃப்-22 போர் விமான வடிவில் வெட்டினேன். (பார்க்கத்தான் ஜெட். நடு உடம்பில் வெட்டிய இடைவெளியில் சுற்றுவது புரொப்பெல்லர்தான்.)

மோட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று செல் லிப்போ பேட்டரியில் ஜிவ்வென்று இழுக்கிறது. அரை த்ராட்டிலே போதும். கோளாறு சர்வோவில். இரண்டாம் நாளே ஒன்றின் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து, இடது எலிவான் (பின்பக்கம் அசையும் பலகை) அப்படியே நின்றுவிட்டது. ஏறி இறங்கவும் சாய்ந்து திரும்பவும் அந்த இரண்டு எலிவான்கள்தான். ஒன்று போனால் என்ன ஆகும்? நேராக வேலிகாத்தான் புதருக்குள். விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன், பதிலே இல்லை. மெட்டல் கியர் சர்வோ தனியாக வாங்கிப் போட்டேன்.

உடைந்த மூக்கை அவசரத்தில் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன். ஃபோம் உருகிக் குழியே விழுந்துவிட்டது. ஹாட் க்ளூதான் சரி.

அப்புறம் ஏற்காட்டுக்கும் கொண்டுபோனேன். சுமார் 1500 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு. கையிலிருந்து எறியும்போது இன்னும் வேகமாக எறிய வேண்டியிருந்தது. மூன்றாவது சுற்றில் பனிமூட்டம் வந்துவிட, சாம்பல் நிற ஜெட் கண்ணுக்கே தெரியவில்லை. இறக்கிவிட்டேன். இப்போது இறக்கைக்கு அடியில் ஆரஞ்சு டேப்.