எஃப் கிளாம்ப்பா, குவிக் கிளாம்ப்பா? மரவேலைக்கு முதலில் எதை வாங்குவது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு மாடியிலோ கார் ஷெட்டிலோ மரவேலை ஆரம்பிக்கிறவர்கள் முதல் காசை எஃப் கிளாம்ப்பில் போடுங்கள், அதாவது பட்டைக் கம்பியில் ஒரு தாடை நகர, திருகை முறுக்கி இறுக்கும் பிடிப்பான், அதுவும் ஒரே அளவில் நான்கு. கடைக்குப் போனால் கை முதலில் போவது விசையை அழுத்த அழுத்த ஒரு கையாலேயே இறுகும் குவிக் கிளாம்ப் மேல்தான். அது நல்ல பொருள்தான், ஆனால் அதன் வேலை வேறு.

நான் பயன்படுத்துவது இர்வின் கம்பெனியின் குவிக் கிளாம்ப்பான குவிக் கிரிப் நடுத்தர ரகம், பெஸ்ஸி கம்பெனியின் எஃப் கிளாம்ப், பாரிமுனையில் வாங்கிய பெயர் போடாத எஃப் கிளாம்ப் சில, அப்புறம் வளைந்த இரும்புச் சட்டத்தில் திருகு மட்டும் உள்ள கனமான ஜி கிளாம்ப். குவிக் கிரிப்பில் நடுத்தர ரகத்தின் பிடி 300 பவுண்டு என்று கம்பெனியே போட்டிருக்கிறது, சின்னது 140, பெரியது 600. 300 என்றால் ஏதோ பெரிதாகத் தெரியும், கணக்குப் போட்டுப் பாருங்கள். டைட்பாண்ட் மாதிரியான பசை கம்பெனிகள் நடுத்தரக் கடினமுள்ள மரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 125 முதல் 175 பவுண்டு அழுத்தம் கேட்கின்றன. முக்கால் அங்குலத் தடிமன், 2 அடி நீளம் உள்ள இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டினால் ஒட்டும் பரப்பு 18 சதுர அங்குலம், சராசரியாக 150 வைத்தால் 2,700 பவுண்டு வேண்டும். அதாவது வெறும் 2 அடிக்கு ஒன்பது குவிக் கிளாம்ப். தடியான எஃப் கிளாம்ப் ஒன்று ஆயிரத்துக்கு மேல் சாதாரணமாகக் கொடுக்கும், மூன்றில் வேலை முடிந்துவிடும். இழைப்புளி ஓட்டி இடைவெளியே இல்லாமல் சேர்த்த விளிம்புக்கு இதைவிடக் குறைந்த அழுத்தமும் போதும் என்பது உண்மை, ஆனால் ஆரம்பத்தில் யாருக்கு அப்படி விளிம்பு அமைகிறது?

அப்படியென்றால் குவிக் கிளாம்ப் எதற்கு? பிடித்துக்கொள்ள. வட்ட ரம்பம் ஓட்டும்போது வழிகாட்டிக் கட்டையை மேசையோடு நிறுத்துவது, ஒரு கையில் பலகையும் மறு கையில் டிரில்லும் இருக்கும்போது மூலையைச் சேர்த்து வைப்பது, இதற்கெல்லாம் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதன் ஒரு தாடையைக் கழற்றித் திருப்பி மாட்டினால் இறுக்குவதற்குப் பதில் விலக்கித் தள்ளும், ஆட்டம் கண்ட பழைய நாற்காலிக் காலின் கழுந்தைத் துளையிலிருந்து அடிக்காமல் வெளியே எடுக்க இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை.

எஃப் கிளாம்ப்பை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நகரும் தாடைக்குப் பூட்டு எதுவும் கிடையாது. திருகை முறுக்கும்போது அந்தத் தாடை லேசாகச் சாய்ந்து பட்டைக் கம்பியின் இரண்டு விளிம்பையும் கவ்வுகிறது, அந்தக் கவ்வல்தான் மொத்தப் பிடியும். அதனால் கடையிலேயே ஒரு கட்டைத் துண்டைக் கேட்டு வாங்கி நன்றாக இறுக்கிப் பாருங்கள். கம்பி வில்லாக வளைந்தால் வேண்டாம். திருகின் நுனியில் இருக்கும் சுழலும் தட்டை விரலால் இழுங்கள், மலிவானவற்றில் அது கையோடு வந்துவிடும், என்னிடமுள்ள பெயர் போடாதவற்றில் ஒன்று அப்படித்தான் வந்தது. மரை கூராக ஊசி மாதிரி இல்லாமல் தட்டையான தலையோடு தடியாக இருக்க வேண்டும், அதுதான் சீக்கிரம் தேயாது. கைப்பிடி மர உருளையாக இருந்தால் பசைக் கையில் வழுக்கும், குறுக்குக் கம்பி உள்ளது நன்றாக முறுக்க வரும். அட்டையில் 120 × 300 என்று போட்டிருந்தால் 120 மி.மீ. என்பது தாடை எவ்வளவு உள்ளே எட்டும் என்பது, 300 என்பது எவ்வளவு அகலம் திறக்கும் என்பது. மலிவு விலையில் குவிந்து கிடப்பதெல்லாம் 50 மி.மீ. எட்டுபவை. சட்டம், பெட்டி வேலைக்கு அது போதும், பலகையின் நடுப்பகுதிக்கு எட்டாது.

கையாளும்போது ஒன்றைக் கவனியுங்கள். தாடை தொடும் இடத்திலிருந்து அழுத்தம் சுமார் 45 பாகையில் விரிந்து போகும், அகலமான பலகையானால் கிளாம்ப்புகளைத் தள்ளித் தள்ளிப் போடலாம், ஒடுங்கிய சட்டமானால் நெருக்கமாகப் போட வேண்டும் அல்லது தாடைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு தடிக்கட்டை வைக்க வேண்டும். ஒன்றை மேலே, அடுத்ததைக் கீழே என்று மாற்றி மாற்றிப் போட்டால் பலகை குவியாது. இணைப்பு நெடுகப் பசை சிறு மணிகளாக வெளியே வந்தால் இறுக்கம் சரி. நம்ம ஊர் வெயிலில் பெவிகால் சீக்கிரம் ஆடை கட்டிவிடும், அதனால் பசை தடவுவதற்கு முன்பே எல்லாக் கிளாம்ப்பையும் ஒருமுறை வெறுமனே மாட்டிப் பார்த்து, அளவு வைத்து, பக்கத்தில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலமரத்தில் வேலை செய்கிறவர்கள் இரும்பு படும் இடத்தில் பிளாஸ்டிக் டேப் ஒட்டுங்கள். வேலம்பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்துவது அதிலுள்ள துவர்ப்புச் சத்துக்காகத்தான், அந்தச் சத்து ஈரப் பசையும் இரும்பும் சேர்ந்த இடத்தில் கருநீலக் கறையாகிவிடும், இழைத்தாலும் சுலபத்தில் போகாது.

ஜி கிளாம்ப்பை நான் வெல்டிங் பக்கம் ஒதுக்கிவிட்டேன். பிளாஸ்டிக் தாடை உள்ள எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள், உருகிவிடும். திருகில் செம்புப் பூச்சு உள்ள ஜி கிளாம்ப் கிடைத்தால் எடுங்கள், தெறிக்கும் உலோகத் துளி மரையில் ஒட்டாது.

பராமரிப்பு பெரிதாக இல்லை. திருகின் மரையில் மட்டும் மெழுகுவத்தியைத் தேய்க்கலாம், பட்டைக் கம்பியில் எண்ணெயோ மெழுகோ படவே கூடாது, பட்டால் தாடை வழுக்கும். காய்ந்த பசைத் துளியும் அதையேதான் செய்யும், உடனே சுரண்டிவிடுங்கள்.

மேசைப் பலகை அளவுக்குப் போகும்போது நீளமான எஃப் கிளாம்ப்புக்குச் செலவு செய்ய வேண்டாம். இரும்புக் குழாயில் மாட்டி இறுக்கும் பைப் கிளாம்ப்பின் தலையும் (திருகு உள்ள தாடை) வாலும் (நகரும் தாடை) தனியாகக் கிடைக்கும், முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பைப் பிளம்பிங் கடையில் வேண்டிய நீளத்துக்கு வெட்டி ஒரு முனையில் மரை போட்டுக் கொடுப்பார்கள், 3 அடிக்கு ஒரு பைப், 6 அடிக்கு ஒரு பைப் என்று மாற்றி மாற்றி அதே தலையை மாட்டிக்கொள்ளலாம்.