கரண்ட் போனாலும் லைற் எரியும் எண்டு சொல்லி ஒன்-கிரிட் சோலர் பூட்டுறாங்கள், கவனம்

யாழ்ப்பாணத்தில வீட்டுக்குச் சோலர் போட நிக்கிற ஆக்கள் காசு குடுக்க முதல் இதை வாசியுங்கோ. மின்வெட்டிலயும் பற்றரியில ஓடுற ஹைபிரிட் எண்டு சொல்லி, பற்றரிக்கும் அதுக்குரிய இன்வேர்ட்டருக்குமாக (பனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்திற பெட்டி) எங்களிட்ட 6 லட்சத்து 20 ஆயிரம் ரூபா கூட வாங்கிப்போட்டு, கொண்டுவந்து பூட்டினது லைனில கரண்ட் இருந்தா மட்டும் ஓடுற சாதாரண ஒன்-கிரிட். என்னென்ன பாக்கோணும் எண்டதைக் கடைசியில விவரமா எழுதுறன்.

ரவுனில ஷோறூம் வச்சிருக்கிற ஒரு சோலர் கொம்பனி. 5 கிலோவாற் பனல், ஹைபிரிட் இன்வேர்ட்டர், லிதியம் பற்றரி எண்டு கொட்டேசன். வந்தவர் பேப்பரில கீறியும் காட்டினார்: பனலில இருந்து இன்வேர்ட்டர், இன்வேர்ட்டரில இருந்து பற்றரி, பிறகு லைற், ஃபான், பிரிட்ஜுக்கு எண்டு தனி டிபி (பிரேக்கர் பெட்டி). "கரண்ட் போனாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது அக்கா." கீறின படத்தில ஒரு பிழையும் இல்லை, ஹைபிரிட் எண்டா அப்பிடித்தான் இருக்கோணும். அந்தப் படத்தை நம்பித்தான் முழுக் காசும் குடுத்தது. "பற்றரி கொண்டெய்னரில வருது, அதுவரைக்கும் வெயிலை ஏன் வீணாக்குவான், பனலைப் பூட்டி மீற்றரைக் கொழுவுவம்" எண்டவர். முதல் மின்வெட்டிலயே, நல்ல மத்தியான வெயிலில, முழு வீடும் நிண்டுட்டுது.

ஒன்-கிரிட் இன்வேர்ட்டர் மின்சார சபை லைனில வாற 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸைப் பாத்து அதோட சேர்ந்து ஓடுற சாமான். லைன் செத்தா அதுவும் உடன நிக்கோணும், இல்லாட்டி கம்பத்தில ஏறி வேலை செய்யிற ஆளுக்குக் கரண்ட் அடிக்கும். அது பழுது இல்லை, பாதுகாப்பு. பில்லைக் குறைக்க மட்டுமெண்டா ஒன்-கிரிட் போதும், விலையும் குறைவு. தேசிய மின்வலை எட்டாத எழுவைதீவு, அனலைதீவு மாதிரி இடங்களில லைனோட சேராமல் பற்றரியோட மட்டும் ஓடுற ஓஃப்-கிரிட். மின்வெட்டிலயும் ஓடோணும், மிச்சத்தை லைனுக்கும் குடுக்கோணும் எண்டாத்தான் ஹைபிரிட்.

பூட்டின இன்வேர்ட்டரில பற்றரி கொழுவுற இடமே இல்லை! பனல் வயர் வாற வாய், வீட்டுக் கரண்ட் (ஏசி) போற வாய், வேற ஒண்டும் இல்லை. மின்சார சபைக்குக் குடுத்த விண்ணப்பத்திலயும் ஒன்-கிரிட் மொடல்தான் எழுதியிருக்கு. அப்ப பற்றரி பிந்தின கதை எல்லாம் பொய், துவக்கத்திலயே தெரிஞ்சு செய்த வேலை.

கேக்கப் போனா முதல் "கொண்டெய்னர் ஹாபரில நிக்குது." பிறகு "கொழும்பில இருந்து எஞ்சினியர் வரோணும்." பிறகு படம் கீறினவர் "இப்ப எங்களோட இல்லை." கடைசியா, இந்த இன்வேர்ட்டருக்குப் பற்றரி சேராதாம், ஏசி பக்கத்தில இணைக்கிற தனிப் பற்றரி இன்வேர்ட்டர் வாங்கோணுமாம், அதுக்கு வேற காசாம். அப்பிடி இணைக்கலாம் எண்டது உண்மைதான். ஆனா 6 லட்சத்து 20 ஆயிரம் வாங்கினது எதுக்கு? இப்ப போனும் எடுக்கிறேல்லை.

பற்றரிக் கணக்கிலயும் சுத்துவாங்கள். 51.2 வோல்ற், 100 ஆம்பியர்-அவர் லிதியம் பற்றரி 5.12 யூனிற். அதில 90 வீதம் பாவிச்சா, 400 வாற் அளவில ஓடுற வீட்டுக்கு, இன்வேர்ட்டரில வீணாப்போறதும் கழிச்சு, பத்து மணித்தியாலம் மட்டில வரும். 12 வோல்ற், 200 ஆம்பியர்-அவர் லெட் அசிற் நாலு போட்டா 9.6 யூனிற் எண்டுவினம், ஆனா பாதிக்கு மேல இறக்கினா கெதியாச் செத்துப்போம். கிணத்து மோட்டரை அந்தத் தனி டிபியில போடாதேங்கோ, ஸ்ராட் எடுக்கேக்க ஓடுற கரண்டைப்போல அஞ்சாறு மடங்கு இழுத்து இன்வேர்ட்டரை விழுத்திப்போடும்.

விவரமா எழுத இருந்தன், இப்ப ஆத்திரத்தில கை ஓடேல்லை. இவ்வளவையாவது பாருங்கோ. கொட்டேசனில இன்வேர்ட்டர் மொடல் நம்பர் எழுதியிருக்கோணும், "ஹைபிரிட்" எண்ட சொல் மட்டும் காணாது. பற்றரி வாயும், மின்வெட்டில வீட்டுக்குக் கரண்ட் குடுக்கிற பக்கப் அவுட்புட்டும் இன்வேர்ட்டரில இருக்கா எண்டு பூட்ட முதல் கண்ணால பாருங்கோ. விண்ணப்பத்தில கையெழுத்து வைக்க முதல் அதே மொடலா எண்டு ஒப்பிடுங்கோ. வேலை முடிஞ்சதெண்டா ஆக்கள் நிக்கேக்கயே மெயின் சுவிச்சை நிப்பாட்டச் சொல்லுங்கோ, லைற் எரிஞ்சாத்தான் கடைசிக் காசு. பற்றரி வீட்டுக்கு வராமல் பற்றரிக்கு ஒரு ரூபாவும் குடுக்காதேங்கோ.