மாடு குறுக்கே வந்த இரவும் என் கார் இன்சூரன்ஸும்

மட்டக்களப்புப் பக்கம் களுதாவளை தாண்டித் தேற்றாத்தீவுக்குள் வரும்போது இரவு ஏழே முக்கால் இருக்கும். 2024 தை மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வயலில் பயிர் நிற்கும் காலம், மேய்ச்சல் தரையெல்லாம் தண்ணீர். அதனால் மாடுகள் காய்ந்த இடம் தேடித் தார் வீதியில் வந்து படுத்துவிடும். கல்முனையில் படிப்பித்துவிட்டு ஆரையம்பதிக்கு அந்த வீதியால் தினமும் வருகிற எனக்கு இது தெரியும். தெரிந்து என்ன, எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் கண்ணில் அடித்த நேரத்தில் ஒரு கறுத்தப் பசு எழும்பிவிட்டது. பிரேக் போட்டேன், வழுக்கியது, இடித்தது.

பசு நொண்டிக்கொண்டு வேலியோரம் போய் நின்றது. என் வாகன்-ஆர் காரின் இடது ஹெட்லைட், பம்பர், பொனெட், ரேடியேட்டர் நாலும் போனது. வாகனத்துக்குக் கீழே பச்சைத் தண்ணீர் ஒழுகி மழைத் தண்ணீரோடு கலந்து போனதை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தபடி நின்றேன். மாட்டுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் வரவில்லை. மாட்டுக்கு எந்தக் காலத்தில் சொந்தக்காரர் வந்திருக்கிறார்.

அந்த நேரம் நான் வைத்திருந்த காப்புறுதியைப் பற்றியும், அதன்பின் மாறிப் போய் இப்போது வைத்திருக்கும் காப்புறுதியைப் பற்றியும் எழுதுகிறேன். இரண்டு கம்பனியின் பெயரையும் போடவில்லை. ஒரே கம்பனியில் களுவாஞ்சிக்குடியில் ஒரு ஏஜென்ட், அக்கரைப்பற்றில் இன்னொரு ஏஜென்ட் என்றால் அனுபவமே வேறாக இருக்கும். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் எந்தக் கதவைத் தட்டினாலும் போதும்.

முதலில் பழைய கம்பனிக்குரிய நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்துநாலு மணி நேர இலக்கத்துக்கு அழைத்தேன். ஐம்பது நிமிடத்தில் களுவாஞ்சிக்குடியிலிருந்து சேதத்தை மதிப்பிடும் அசெசர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். மழைக்கோட்டைக் கழற்றாமலே குனிந்து, செசி இலக்கம் முதல் வீதியில் கிடந்த கண்ணாடித் துண்டு வரை படம் எடுத்தார். “ரீச்சர், நீங்க ஸ்டார்ட் பண்ணாதீங்க, ரேடியேட்டரில தண்ணி இல்ல, எஞ்சின் போயிரும்” என்று சொல்லித் தானே ஒரு வாகனம் பிடித்துக் கல்லடிக் கராஜுக்கு இழுத்துக் கொடுத்தார். அந்தத் தம்பிக்கு ஐந்துக்கு ஐந்து.

சிக்கல் பிறகுதான் வந்தது. கராஜ் எஸ்டிமேட் 180,000 ரூபா. கம்பனி தருவதாக எழுதியது 116,000 ரூபா. மிச்சம் 64,000 என் கையால். புல் இன்சூரன்ஸ், அதாவது முழுக் காப்புறுதி என்று ஐந்து வருடம் ஒரு நாள் பிந்தாமல் கட்டியவள் நான். கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கிளைக்குப் போனேன். அங்கே ஒருவர் ‘அவரேஜ்’ என்று ஒரு சொல்லைச் சொன்னார். அதுவரை அந்தச் சொல்லை நான் புள்ளிப் பட்டியலில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

கணக்கு இதுதான். 2019 இல் கார் வாங்கும்போது அதன் பெறுமதி 42 இலட்சம் என்று எழுதினோம். ஒவ்வொரு வருடமும் ஏஜென்ட் போன் எடுப்பார், “போன முறை மாதிரியே போடுறன் ரீச்சர், என்ன?” என்பார், நானும் சரி என்பேன். இதற்கிடையில் 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. புது வாகனம் வராததால் பழைய வாகனத்தின் விலை வானத்துக்குப் போனது. விபத்து நடந்த அன்று என் காரின் சந்தை விலை 60 இலட்சம் என்று அசெசர் எழுதியிருந்தார். 60 இலட்சம் பெறுமதியான பொருளை 42 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், 100 க்கு 70 பங்குதான் காப்புறுதியில் இருக்கிறது, மிச்ச 30 பங்குக்கு நானே காப்புறுதிக் கம்பனி. ஆகவே 180,000 இல் 70 வீதம் 126,000. அதிலே எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்முக்கும் நாமே பொறுக்க வேண்டிய முதல் தொகை, 10,000. மிச்சம் 116,000.

ஒப்பந்தப்படி அவர்கள் பிழை செய்யவில்லை. ஆனால் நாலு வருடமாகச் சந்தை விலை ஏறுவதைத் தினமும் பார்க்கிற தொழில் அவர்களுடையது. ஒரு முறையாவது “பெறுமதியைக் கூட்டுங்க ரீச்சர், இல்லாட்டி கிளெய்மில வெட்டுவாங்க” என்று சொல்லியிருக்கலாம். கூட்டினால் பிரீமியம் ஏறும், நான் வேறு இடம் போய்விடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த ஒரு வசனத்தின் விலைதான் எனக்கு 54,000 ரூபா. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, மாறுவது என்று முடிவெடுத்து மட்டக்களப்பு டவுனில் ஒரு சனிக்கிழமை முழுக்க நடந்தேன். அதே கார், அதே பெறுமதி 60 இலட்சம், அதே நான். மூன்று இடத்தில் மூன்று விலை: 162,300, 149,800, 131,500. முப்பதாயிரம் ரூபா வித்தியாசம். ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் குறைக்கும் நோ கிளெய்ம் கழிவு, நான் கிளெய்ம் எடுத்ததால் போய்விட்டது, அது மூன்றுக்கும் பொது. பிறகு எங்கே இந்த வித்தியாசம்?

விடை தந்தது திருமலை வீதியில் நடு விலை சொன்ன கிளையில் இருந்த பிள்ளை. வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். நான் மற்ற இரண்டு கொட்டேஷனையும் மேசையில் வைத்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று நிரல் கீறி, வரி வரியாக எழுதத் தொடங்கினாள். அடிப்படைப் பிரீமியம். அதன் கீழே வேலைநிறுத்தம், கலவரம். அதன் கீழே பயங்கரவாதம். அதன் கீழே வெள்ளம், புயல். முன்கண்ணாடி. இழுத்துச் செல்லும் செலவு. சாரதிக்கு விபத்துக் காப்பு. பொலிசிக் கட்டணம். கடைசியில் பெறுமதி சேர் வரி 18 வீதம். எழுதி முடித்ததும் 131,500 ரூபாக் கொட்டேஷனின் நிரலில் நாலு இடம் வெறுமையாகக் கிடந்தது. வெள்ளம் இல்லை, முன்கண்ணாடி இல்லை, இழுவை இல்லை, சாரதிக்கு இல்லை. எக்ஸஸ் 50,000. விலை கூடிய இடத்தில் எல்லாம் இருந்தது, அத்தோடு அவர்கள் சொல்லும் பெரிய கராஜில்தான் திருத்த வேண்டும், அது கொழும்பு விலை.

“உங்களுக்கு எது தேவையோ அதைச் சேர்ப்போம், தேவையில்லாததை வெட்டுவோம்” என்றாள். நான் கலவரம், பயங்கரவாதம் இரண்டையும் காட்டி இது எதற்கு என்று கேட்டேன். அந்தப் பணம் அவர்களிடம் நிற்பதில்லையாம், அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போகிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பைக் கண்ட ஊர் இது. அந்த இரண்டு காப்பையும் வெட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று அவளிடம் அரை மணி நேரம் இருந்து கேட்டதில், விலை ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பது எனக்கு முதல் முறையாக விளங்கியது. வாகனத்தின் பெறுமதிதான் தலை. அதன் பிறகு பாவனை. எங்கள் ஒழுங்கையில் இதே வருடத்து வாகன்-ஆர் இன்னொன்று இருக்கிறது, அந்தத் தம்பி அதை வாடகைக்கு ஓடுகிறார். அவருக்குப் பிரீமியம் என்னைவிட நன்றாகக் கூட. நாள் முழுக்க வீதியில் நிற்கும் வாகனம் இடிபடும் வாய்ப்புக் கூட, அவ்வளவுதான். இதைத் தவிர்க்கத் தனிப்பட்ட பாவனை என்று எழுதிவிட்டு வாடகைக்கு ஓடுபவர்கள் எங்கள் பக்கம் நிறைய. கிளெய்ம் வரும்போது பின் சீற்றில் இருந்தவர் காசு கொடுத்து ஏறியவர் என்று தெரிந்தால் கம்பனி கையை விரிக்கலாம். ஹைபிரிட் என்றால் பற்றரி விலை ஒரு காரணம். லீசிங் வாகனம் என்றால் புல் இன்சூரன்ஸ் கட்டாயம், எந்தக் கம்பனி என்பதிலும் லீசிங்காரர் தலையிடுவார்கள். வாகனம் பழசாகப் பழசாகப் பிரீமியம் குறையும் என்று நினைக்கிறோம். ஆனால் பழைய வாகனத்துக்குப் புதுப் பாகம் போட்டால் தேய்மானம் என்று ஒரு பங்கை நம் தலையில் வைப்பார்கள். அதையும் பார்க்க வேண்டும்.

லண்டனில் இருக்கும் மாமாவின் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் தன் கதையைச் சொன்னாள். அங்கே இருக்கும் தெருவின் தபால் குறியீடு, வயது, தொழில் எல்லாம் விலையில் ஏறும். ஆணா பெண்ணா என்று பார்த்து விலை போடுவதை மட்டும் 2012 மார்கழியிலிருந்து ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பினால் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் இளம் பெண்களுக்குக் குறைவாக இருந்ததாம். சுவிஸில் எந்த நாட்டுக்காரர் என்றும் பார்ப்பார்கள். இங்கே ஆரையம்பதியா அம்பாறையா என்று விலைக்காக யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த அளவுக்கு நிம்மதி.

நோ கிளெய்ம் கழிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நாங்கள் காசைத் தொலைக்கும் இடம் அது. 2022 இல் பாடசாலைக் கேற் தூணில் உரசிக் கதவு கீறுப்பட்டது. பெயின்ட் செலவு 14,000. கிளெய்ம் எடுக்கப் போனேன். பழைய ஏஜென்ட்தான் தடுத்தார். என் நோ கிளெய்ம் கழிவு அப்போது வருடத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல் பெறுமதி. 14,000 க்காக அதைக் கொடுப்பதா? அதுவும் அடுத்த வருடம் மட்டுமல்ல, திரும்ப அந்தப் படிக்கு ஏற நாலைந்து வருடம் ஆகும். அந்த ஆலோசனைக்கு அவருக்கு நன்றி. இன்னொன்று, இந்தக் கழிவு நீங்கள் சம்பாதித்தது. கம்பனி மாறும்போது பழைய இடத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் புது இடத்தில் அதை ஏற்பார்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

நான் திருமலை வீதிக் கிளையிலேயே எடுத்தேன். முழுதாக 149,800 இல்லை, சாரதிக் காப்பை வெட்டி, எக்ஸஸை 15,000 ஆக வைத்து, 143,000 சொச்சம். வெள்ளத்தை வெட்டவில்லை. அதே வருடம் கார்த்திகையில் வெள்ளம் வந்தது. எங்கள் ஒழுங்கைக்கும் தண்ணீர் வந்தது, நான் முதல் நாளே காரைப் பெரிய வீதியில் தெரிந்தவரின் மேட்டு வளவில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு ஐயாவின் கார் சீற் வரை நனைந்தது. அவரிடமும் புல் இன்சூரன்ஸ் இருந்தது, ஆனால் அதில் வெள்ளக் காப்பு இல்லை. ‘புல்’ என்ற சொல்லை நம்பியிருந்தார். எண்பது தாண்டிய மனிசன், சேர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

புதுக் கம்பனியை நான் உண்மையில் பரீட்சித்தது 2025 ஆடியில். ஒந்தாச்சிமடம் பாலத்தடியில் முன்னால் போன மண் டிப்பரிலிருந்து கல் பறந்து முன்கண்ணாடியில் நட்சத்திரம் போல் வெடிப்பு விழுந்தது. படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் ஒருவர் வந்து பார்த்தார். நாலாம் நாள் புதுக் கண்ணாடி. என் பொலிசியில் முன்கண்ணாடி தனிக் காப்பு என்பதால் நோ கிளெய்ம் அப்படியே நின்றது. நான் கொடுத்தது ஒரு சதமும் இல்லை.

அந்தப் பிள்ளை 2025 மாசியில் புதுப்பிக்கும் நேரம் தானே அழைத்துப் பேசியதையும் சொல்ல வேண்டும். அந்த மாதம்தான் வாகன இறக்குமதி திரும்பவும் திறந்தது. “விலை இறங்கலாம் ரீச்சர், விளம்பரங்களைப் பார்த்திட்டுச் சொல்லுங்க. கூட்டிப் போட்டாலும் பிரயோசனம் இல்ல, முழுசா நாசமானா அண்டைக்கு என்ன சந்தை விலையோ அதுதான் தருவாங்க” என்றாள். நான் அதே வருடத்து, அதே மாதிரி வாகனம் பன்னிரண்டின் விளம்பரங்களைப் பார்த்துச் சராசரி எடுத்துக் கொடுத்தேன்.

குறை இல்லாமல் இல்லை. பிரதேச செயலகத்தில் வாகன வரிப்பத்திரம் எடுக்கப் போகும்போது சேர்ட்டிபிகேட்டில் என் வாகன இலக்கத்தில் ஒரு எழுத்துப் பிழை. புகைச் சான்றிதழும் கையில், வரிசையும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, திரும்பி வந்தேன். ஒரு நாள் லீவு போனது. குறுஞ்செய்தி எல்லாம் சிங்களத்தில் வருகிறது. தமிழில் பேசும் ஆளுக்காக அவசர இலக்கத்தில் ஒரு முறை ஒன்பது நிமிடம் நின்றேன். பகலில் பரவாயில்லை, இரவில் நடு வீதியில் அந்த ஒன்பது நிமிடம் பெரிய நேரம். பொலிசிப் புத்தகமும் ஆங்கிலத்தில்தான் தந்தார்கள். தமிழில் வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன், மூன்று கிழமை கழித்து வந்தது.

சேவைக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அந்தத் தமிழ்ப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில், சின்ன எழுத்தில், குறைந்த பெறுமதிக்குக் காப்புறுதி செய்தால் எப்படி வெட்டுவார்கள் என்ற பந்தி இருக்கிறது. அதைப் படம் எடுத்து எங்கள் பாடசாலை ஆசிரியர் குழுவில் போட்டேன். அன்று பின்னேரமே ஏழு பேர் தங்கள் சேர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்கள். ஐந்து பேருடையதில் 2019 இன் விலைதான் இன்னும் இருந்தது.