கலர் பேப்பர் சுருளுக்கு வாளியா, பிவிசி குழாயா?

கிஃப்ட் பேப்பர், கிரேப் பேப்பர் சுருள்களை வாளியில் நிறுத்தி வைத்தால் கைக்கு உடனே எட்டும், செலவும் இல்லை. ஆனால் அடிமுனை நசுங்கும். ஜன்னல் வெளிச்சம் பட்டால் கிரேப் வெளுத்துவிடும்.

திருநெல்வேலிப் பக்கம் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த ஈரத்தில் தரையோரக் காகிதம் நமுத்துப்போகும், சுவரோரம் கரையானும் ஏறும். அதனால் என் ஓட்டு 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய்க்குத்தான். இரு முனையிலும் மூடி போட்டுப் பரணில் படுக்க வைத்தால் தூசியும் பூச்சியும் எளிதில் அண்டாது. ஆனால் வெயில் காலத்திலேயே அடைத்துவிடுங்கள். மழைநாளில் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ரப்பர் பேண்டு போடாதீர்கள், தடம் விழும். பிள்ளைகள் அடிக்கடி எடுக்கும் சார்ட் பேப்பருக்கு மட்டும் வாளி இருக்கட்டும், ஸ்டூல் மேல்.